அம்புக்குறி காட்டிய அறை

டயாலிசிஸ் பிரிவில் காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போய்ச் சேர்வதற்குள் மாலைத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். அதனால் அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி நான்கு மாதமாக நண்பகல் லுஹர் தொழுகையைப் போர்வைகள் அடுக்கும் அறையில், யார் கதவைத் திறப்பார்களோ என்ற பதைப்புடன் முடித்துவந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே பள்ளிவாசல். 'பெண்கள் தொழுமிடம்' என்று பலகையும் அம்புக்குறியும் உண்டு. அம்புக்குறியை நம்பிப் போனால் பக்கவாட்டில் ஒரு கதவு, அதில் ஒரு பூட்டு. மூன்று தடவை கேட்டாகிவிட்டது. மூன்று தடவையும் பாங்கு சொல்லும் மோதினார் தலையைச் சொறிந்துகொண்டே, "சாவி செயலாளர்கிட்ட இருக்கும்மா" என்றார்.

ஒருநாள் காலை ஒரு நோயாளி இறந்துபோனாள். தையற்காரி. மூன்று வருடமாக வாரம் மூன்று நாள் வந்தவள், "வா ஊசி ராணி, இன்னிக்காவது ஒரே குத்துல எடு" என்று கையை நீட்டுகிறவள். மெஷினில் இருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. இருபது நிமிடம் நெஞ்சை அழுத்தியும் பலனில்லை. அடுத்த நோயாளிக்காக அதே கட்டிலைத் துடைத்து விரித்ததும் அந்த நர்ஸ்தான்.

ஷிப்ட் முடிந்ததும் கால்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. பள்ளிவாசலுக்குப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் இருந்த படியில் உட்கார்ந்தாள். லுஹர் ஜமாஅத் தொழுகை முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

மோதினார் பார்த்துவிட்டார். "அம்மா, சாவி..."

"சாவி வேணாம் பாய். இங்கயே தொழுதுட்டுப் போறேன்."

"செருப்பு விடுற இடம்மா இது."

"நிக்க ஒரு இடம் வேணும். அவ்வளவுதான்." குரல் தழுதழுக்கக்கூட இல்லை; காய்ந்துபோயிருந்தது.

மோதினார் உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவருடன் வந்தார். பூட்டைத் தொடவில்லை, அது மாட்டியிருந்த கொண்டியையே கழற்றினார்.

உள்ளே கிழிந்த பாய்கள், ஓடாத மின்விசிறி, பழைய ஒலிபெருக்கிக் குழாய்கள், மூலையில் இறந்தவர்களைத் தூக்கிப்போகும் சந்தூக்கு. அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. இதை யார் ஒழிப்பது என்ற அலுப்புத்தான் வந்தது. இருவரும் தூசியில் இருமிக்கொண்டே ஓர் ஆள் நிற்க இடம் பண்ணினார்கள். மோதினார் தோளில் கிடந்த துண்டை உதறி விரித்துவிட்டுப் போனார்.

கைகால் கழுவி ஒளு செய்துவந்து தொழுதாள். ஸஜ்தாவில் நெற்றி தரையைத் தொட்டபோதுதான் தையற்காரிக்காக அழுதாள். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபின் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

அஸர் பாங்கு எழுப்பியது. வெளியே செயலாளர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுப் பூட்டை உடைச்சீங்க?"

"உடைக்கலைங்க. பூட்டு பத்திரமா இருக்கு."

"அப்ப கொண்டியை மறுபடி மாட்டுங்க!"

"ஸ்க்ரூவெல்லாம் எங்கயோ உருண்டுபோச்சுங்க" என்றார் மோதினார். அவர் சட்டைப்பை கனத்துத் தொங்கியது.

அவள் யூனிஃபார்மோடு வாசலில் வந்து நின்றாள். "நான்தான் கேட்டேன். பலகை இருக்கு, இடம் இல்ல. ஒண்ணு பலகையை எடுங்க, இல்ல இந்தச் சாமானை எடுங்க. நாளைக்கும் வருவேன்."

செயலாளர் அறைக்குள் எட்டிப்பார்த்தார். சாமான்களையும் நடுவில் விரித்திருந்த துண்டையும் பார்த்தார். "வெள்ளிக்கிழமை கழிச்சுப் பார்க்கலாம்" என்று முனகிக்கொண்டு தொழப் போய்விட்டார்.

எந்த வெள்ளிக்கிழமை என்று அவர் சொல்லவில்லை. பாய்கள் வெளியேற மூன்று வாரம் ஆனது; மின்விசிறி இன்னும் போகவில்லை. ஆனால் கொண்டி திரும்ப ஏறவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அக்காவும் வர ஆரம்பித்தாள். தொழுது முடித்ததும் இருவரும் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள்.