துணை மானியம்

மார்ச் பிறந்தும் பனி விட்டபாடில்லை. எங்கள் மாநில மனநல மருத்துவமனையில் நிதியாண்டு முடியும் ஜூன் வரை சம்பளம் போடப் பணம் போதாது. முப்பது லட்சம் டாலர் துண்டு விழுந்தது. சட்டமன்ற நிதிக்குழு துணை மானியமாகக் கூடுதல் பணம் தந்தால்தான் உண்டு. அதைக் கேட்க இயக்குநர் மார்வா டிவெட்டும் கணக்குப் பிரிவிலிருக்கும் நானும் தலைநகருக்குப் போனோம்.

உள்ளூரில் நர்சுகள் கிடைக்காமல், மினியாபொலிஸ் நகரத்திலிருந்து இரட்டைக் கூலிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு ஆகும் என்று போன கூட்டத்தொடரிலேயே மார்வா சொல்லியிருந்தார். அந்தத் தொகையை வெட்டியவர் நிதிக்குழுத் தலைவர் ஆர்லன் ஹௌகன். இப்போது குழு கூடியதும் அவரே ஆரம்பித்தார்.

"என்ன மேடம், கொடுத்த பணத்துக்குள்ள குடும்பம் நடத்தத் தெரியாதா? எங்க ஊர் விவசாயி இப்படிச் செலவழிச்சா பேங்க்காரன் டிராக்டரத் தூக்கிட்டுப் போயிடுவான்."

உறுப்பினர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது.

"நீங்கதானே வெட்டினீங்கன்னு சொல்லுங்க," என்று கிசுகிசுத்தேன். மார்வா என் கையை அழுத்தினார்.

"உங்க கோபம் நியாயந்தான், தலைவரே," என்று மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

இடைவேளையில் காபி எடுக்கும் இடத்துக்கு ஆர்லனே வந்தார். அவரும் மார்வாவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"வெட்டினது நான்தான், மறக்கல மார்வா. ஆனா எங்காளுங்களுக்கு யாரையாவது திட்டினாத்தான் கை தூக்க மனசு வருது."

"திட்டிக்கோ. ஓட்டு விழுமா?"

"விழும். பதிலுக்கு எதையாவது மூடணுமாம். பல் மருத்துவப் பிரிவ விட்டுக்கொடேன்."

"ஏன், எங்க நோயாளிங்களுக்குப் பல்லு வலிக்காதா?"

ஆர்லன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மார்வா காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார். "சரி, எழுதிக்கோ."

மாலையில் குழு ஒப்புக்கொண்டது. அடுத்த வாரம் அவையும் மறுபேச்சின்றி நிறைவேற்றியது.

குழு ஒப்புக்கொண்ட அன்று ஊர் திரும்பும் வழியில் கேட்டேன்: "அந்தாள் மேல கோபமே வரலியா?"

"வரும். இன்னிக்குத் தெம்பில்ல."

மறுநாள் பல் மருத்துவர் கெர்மிட்டிடம் மார்வாவே போய்ச் சொன்னார். ஒரு வயதான நோயாளி நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"மே கடைசியோட நிறுத்தணும், கெர்மிட்."

"அப்புறம் இவங்கள எங்க அனுப்பறது?"

"தெரியல."

கெர்மிட் கையுறையைக் கழற்றினார். நோயாளிதான் பேசினார். "எனக்கு இன்னும் நாலு பல்லு பாக்கி டாக்டர். அதுக்குள்ள முடிச்சிடுங்க."

மே முடியும்வரை கெர்மிட் சனிக்கிழமைகளிலும் வந்தார். கூலி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க வழியில்லை. எல்லோரையும் பார்த்து முடிக்க அவரால் முடியவில்லை.