ஏழு பூசை பார்த்த ரத்தம்

காத்தாயி வந்ததும் உட்காரவில்லை. சோதனைக்கூடத்தின் வாசலில் நின்றபடியே மஞ்சள் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்து நீட்டினாள். எட்டாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"படிங்க சிஸ்டர். சத்தமாப் படிங்க."

நான் சிஸ்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கும்பகோணத்தில் டாக்டர் பெரியநாயகசாமியின் நர்சிங் ஹோமில் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற அக்னஸ். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்பிள்ளை யாராயிருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு சிஸ்டர்தான். படித்தேன். இறந்துபோன மருதையன் குடிகாரர், சாகுபடியை நேரில் பார்க்காதவர், குடிபோதையில் மதகிலிருந்து தவறி விழுந்து இறந்தார், ஆகையால் மூன்று மா நிலத்தின் குத்தகை உரிமையை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறோம் என்று இருந்தது. கீழே மருதையனின் தம்பி தங்கையன் கையெழுத்து. அதற்கும் கீழே தாலுகா ஆபீஸ் முத்திரை.

மருதையன் காத்தாயியின் புருஷன். திருப்பனந்தாளுக்குத் தெற்கே அவர்கள் ஊர். குத்தகைப் பதிவேட்டில் பேரை ஏற்றச் சொல்லி நிலத்துக்காரரோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்ற மனிதர். அவர் செத்த மூன்றாம் மாதம் தம்பி எழுதிக் கொடுத்த காகிதம் இது. நிலத்தைத் திரும்பக் கேட்டு இப்போது காத்தாயி மனுப் போட்டிருக்கிறாள். போன விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் இதை வாசித்தாராம். 'குடிகாரர்' என்கிற இடத்தில் நிறுத்தி, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வாசித்தாராம். அடுத்த புதன்கிழமை தாலுகா ஆபீஸில் மறு விசாரணை.

"நெலம் வந்தா வருது, வராட்டிப் போகுது. அந்த ஒரு வார்த்தையை எடுக்கணும் சிஸ்டர். அவரு வாயில அது பட்டதே இல்ல. அன்னிக்கி ரத்தம் எடுத்தது நீங்கதானே? பெரிய டாக்டர் எடுத்து வைக்கச் சொன்னாரே. இருக்கா?"

இருந்தது. எண்பத்தொன்பது கார்த்திகையில் மருதையனை மண்டை உடைந்து, நினைவில்லாமல் கொண்டு வந்து போட்டார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும். அவரிடமிருந்து ஒரு குப்பி எடுத்தேன், காத்தாயியிடம் ஒரு குப்பி. அவளுடையது சேரவில்லை. என்னிடமே ஒரு குப்பி எடுத்துப் பார்த்தேன், சேர்ந்தது, நானே கொடுத்தேன். மத்தியானம் தாண்டவில்லை, போய்விட்டார். குடித்துவிட்டு விழுந்தான் என்று கூட வந்தவர்கள் சொன்னதால், போலீஸ் கேட்பார்கள், எடுத்து வை என்றார் டாக்டர். போலீஸ் கேட்கவே இல்லை. மூன்று குப்பிகளையும் ஒரே பிளாஸ்திரியில் சேர்த்துக் கட்டி பிரீசரின் அடித்தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. ரெண்டு ஆட்சி மாறியாகிவிட்டது. ஏழரை வருஷம். சனி பிடிச்ச கணக்குதான் என்றாள் காத்தாயி.

டாக்டரிடம் கேட்டேன். செய்து பார் என்றார். காத்தாயியை வெளியே உட்காரச் சொன்னால் போகமாட்டேன் என்றாள். குப்பியைக் காட்டச் சொன்னாள். ஒட்டின பேர் மாறியிருக்காதே என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் புருஷன் பேரின் முதல் எழுத்து தெரியும். அதை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் என்னைத் திறக்கவிட்டாள்.

பெரிய சோதனை ஒன்றும் இல்லை. ரத்தத்தை ஒரு பாட்டிலின் அடியில் ஊற்றி, மேலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆரஞ்சு நிறத் திராவகத்தைத் தொங்கவிட்டு, இறுக மூடி வெந்நீரில் வைக்க வேண்டும். ரத்தத்தில் சாராயம் இருந்தால் ஆவியாகி மேலே போகும், ஆரஞ்சு பச்சையாக மாறும். அவளிடம் இதை முன்னாலேயே சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அரை மணி நேரத்தில் வாழையிலைப் பச்சை.

அவள் அழவில்லை. பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு வந்து பாத்தாங்க உங்களை?"

யாரும் வரவில்லை என்றேன். வெள்ளை வேட்டிக்காரங்க கார்ல வந்திருப்பாங்களே என்றாள். இல்லை என்றேன். அப்போ போன்ல பேசியிருப்பாங்க என்றாள். எனக்குக் கோபம் வந்தது. புருஷனுக்கு என் ரத்தம் கொடுத்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா. ஆனால் அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க எனக்கும் உறுத்தல். அவ்வளவு குடித்தவர் மதகு வரைக்கும் நடந்தே போயிருக்க முடியாது. வாசற்படியிலேயே விழுந்திருப்பார்.

பேசாமல் இரண்டாவது குப்பியை எடுத்தேன். காத்தாயியின் ரத்தம். அதே நாள், அதே தட்டு. அதுவும் பச்சை.

"இதுபடி பாத்தா, அன்னிக்கி நீங்களும் குடிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க."

காத்தாயி அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நானா என்று கேட்டாள். நீங்கதான் என்றேன். மூன்றாவது குப்பி என்னுடையது. மாதா கோயில் பூசையில் சாமியார் தொட்டுத் தருகிற திராட்சை ரசத்தைக்கூட நான் நாக்கில் வைத்ததில்லை. அதுவும் பச்சை. நடுவுப் பாட்டிலைவிட ஒரு படி கூடவே.

"சரிதான்," என்றாள் காத்தாயி. "ரெண்டு பேரும் சேந்துதான் கடைக்குப் போயிருக்கோம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கும்போதே அவள் கண் பிரீசர் பக்கம் போய்விட்டது. என் விரலைக் குத்திப் புது ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருந்தது. திராவகத்தில் குற்றமில்லை. குற்றம் பெட்டிக்குள்ளே.

"யாரோ ஊத்தியிருக்கான் சிஸ்டர். சாராயத்தைக் கொண்டாந்து உள்ள ஊத்தியிருக்கான். இதுக்கு சாவி யார்கிட்ட?"

சாவி மூன்று பேரிடம். டாக்டர், நான், அட்டெண்டர் வேம்பு. வேம்புக்கு எந்த ஊர் என்று கேட்டாள். பந்தநல்லூர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். தங்கையன் பெண் எடுத்த ஊர் பந்தநல்லூராம். இதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்று என்றால், பத்து வருஷமாக என் டிபன் டப்பாவைக் கழுவி வைக்கிற வேம்பு எனக்கே யாரோ மாதிரி தெரிந்தாள். போன மாதம் சாவியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று தேடினாளே, அது ஏன். பிரீசரைத் திறந்தால் பின்னாலேயே வந்து நிற்பாளே, அது ஏன்.

ரெண்டு பேருமாகப் போலீஸ் மாதிரி போய் நின்றோம். வேம்பு மைக்ராஸ்கோப்பில் வைக்கிற கண்ணாடிச் சில்லுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிரீசரைத் தொட்டாயா என்று கேட்டேன். தொடவே இல்லை என்றாள். தங்கையனைத் தெரியுமா என்று காத்தாயி கேட்டாள். எந்தத் தங்கையன் என்றாள். தெரியாத மாதிரி கேக்குறா பாருங்க என்றாள் காத்தாயி. வேம்பு கழுவின சில்லையே திரும்பவும் கழுவினாள். பொய் சொல்கிற கை என்று அப்போது நினைத்தேன்.

"தொடுறது தப்புன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. வருசத்துக்கு ஒரு நாள்தானே தொடுறேன்."

"எந்த நாள்?"

"ஆயுத பூசை அன்னிக்கி."

ஆயுத பூசைக்கு நான் லீவு. மயிலாடுதுறையில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். டாக்டரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணி போய்விடுவார். வேலைக்காரர்கள் பூசை போட்டுக்கொள்ளட்டும் என்று பொரி கடலைக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போவதோடு சரி, என்ன செய்கிறார்கள் என்று ஒரு வருஷமும் கேட்டதில்லை. வேம்பு சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு எந்த மிஷினும் ஓடக் கூடாதாம். மைக்ராஸ்கோப், ரத்தம் சுற்றுகிற மிஷின் எல்லாவற்றையும் நிறுத்திப் பொட்டு வைப்பாளாம். எல்லாத்துக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, ராப்பகலாக உழைக்கிற பனிப்பெட்டிக்கு மட்டும் ஓய்வு இல்லையென்றால் பாவமில்லையா என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவாளாம். ஐஸைச் சுரண்டி, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவி, குப்பிகளையெல்லாம் தாம்பாளத்தில் அடுக்கி ஜன்னலோரம் வைப்பாளாம். மறுநாள் விஜயதசமிக்குச் சூடம் காட்டிய பிறகுதான் திரும்ப உள்ளே வைத்து பிளக்கைச் சொருகுவாளாம்.

"குப்பிக்கும் பொட்டு வெப்பேன். ஒண்ணை விட்டதில்ல."

பிளாஸ்திரியின் ஓரத்தில் இருந்த சிவப்பை இத்தனை நாள் மசி என்று நினைத்திருந்தேன். கரண்ட் போனால் பிரீசர் நிற்கக் கூடாதென்று டாக்டர் தனியாக இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டிருந்தார்.

தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றாறு வரை எண்ணினால் ஏழு பூசை. டாக்டர் கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு காத்தாயிக்குப் புரிகிற மாதிரி அவரே சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை இருக்கும். உறைந்து கிடக்கிற வரை ஒன்றும் ஆகாது. உருகி வெயிலில் ஒரு நாள் கிடந்தால் கிருமி அதைத் தின்னும், இட்லி மாவு புளிக்கிற மாதிரி புளிக்கும், சாராயம் தானாகவே ஊறும். இன்னொன்று, நிஜமாகவே சாராயம் இருந்திருந்தால் அது உருகும்போதெல்லாம் ரப்பர் மூடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும். இருந்தது போயிருக்கலாம், இல்லாதது வந்திருக்கலாம்.

காத்தாயி வெளியே போனதும் டாக்டர் குரலைத் தணித்தார். மருதையன் குப்பி பச்சை, அதை மட்டும் எழுது, மற்ற ரெண்டும் பூசைக் கதையும் எதற்கு, லேப் பேர் கெட்டுவிடும் என்றார். லேப் பேருக்காகத்தான் சொன்னாரா, நிலத்துக்காரர் தரப்பிலிருந்து யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்களா என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் தெரியாது. நான் மூன்று குப்பியையும் எழுதினேன். பிரீசர் ஏழு முறை நிறுத்தப்பட்டதையும் எழுதினேன். லெட்டர்பேடில் இங்கிலீஷில் அடித்து, என் கையெழுத்தை மட்டும் போட்டேன்.

காத்தாயி அதை வாங்கிக்கொண்டு அர்த்தம் கேட்டாள். குடித்திருந்தார் என்றும் சொல்ல முடியாது, குடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது என்றேன்.

"இனிமே எப்பவும் சொல்ல முடியாதா?"

"முடியாது."

"அப்ப இந்தக் காயிதம் எதுக்கு ஆகும்?"

"எதுக்கும் ஆகாது காத்தாயி."

அதைப் பழைய ஜெராக்ஸ் மாதிரி மடிக்காமல், பையில் இருந்த துணிக்குள் நேராக வைத்தாள். ஞாயித்துக்கெழமை உங்க கோயில் பூசை முடிஞ்சு என்கூட ஒரு நடை வாங்க என்றாள். என்ன செய்யப் போகிறாள் என்ற சந்தேகத்தில்தான் போனேன். என் கையெழுத்து போட்ட காகிதம் அவள் கையில் இருந்தது.

திருப்பனந்தாளில் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்தோம். தங்கையன் குறுவை நாற்றங்காலில் மண்வெட்டியோடு மடையை அடைத்துக்கொண்டிருந்தார். அண்ணியைக் கண்டதும் தோள் துண்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். ஏழரை வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத வீடுகள். என்னையும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

காத்தாயி துணியைப் பிரித்துக் காகிதத்தைக் காட்டினாள். கொடுக்கவில்லை.

"தம்பி, உங்க அண்ணன் ரத்தத்தைச் சோதிச்ச காயிதம் வந்துருச்சு. இந்த சிஸ்டர் கையெழுத்துதான். இப்ப நீ சொல்லு. ஒத்துப் போவுதான்னு நான் பாக்குறேன்."

ஒரு சொல் பொய்யில்லை. தங்கையன் லெட்டர்பேடின் தலைப்பைப் பார்த்தார், இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தார், பிறகு என்னிடம் திரும்பி, என்னம்மா போட்டிருக்கு என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் நடந்த நடையெல்லாம் வீண். வாய் திறக்காமல் நின்றேன். நான் நின்ற நிற்பே அவருக்குப் பதிலாகிவிட்டது.

மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றினார்.

"குடிக்கல அண்ணி."

"யாரு?"

"அண்ணன் குடிக்கல. ஒரு சொட்டுக்கூட இல்ல."

மீதியைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மதகுப் பலகையைத் தூக்க ரெண்டு பேரும் போனார்களாம். கட்டையில் பாசி, அண்ணன் கால் வழுக்கிவிட்டதாம். பக்கத்தில் இருந்தது தான் ஒருவன்தானாம். நீதானே கூட இருந்தே, உன்மேலதான் கேசு வரும், குடிச்சிருந்தான்னு சொல்லிட்டா ஒண்ணும் இல்ல என்று நிலத்துக்காரரின் காரியஸ்தர் சொன்னாராம். தங்கையனும் அப்படியே போலீஸில் சொன்னாராம். ஒரு தடவை சொன்னதை மாற்ற முடியாமல் தாலுகா ஆபீஸிலும் எழுதிக் கொடுத்தாராம்.

காத்தாயி கேட்டு முடித்துவிட்டுக் காகிதத்தைத் துணிக்குள் வைத்தாள்.

"புதன்கெழமை காலம்பற பத்து மணிக்கு வந்து இதையே சொல்லு. வராட்டி இதை நான் அங்க கொடுப்பேன்."

புதன்கிழமை சாயங்காலம் லேப்புக்கு வந்தாள். தங்கையன் வந்தானாம், சொன்னானாம், தாசில்தார் எழுதிக்கொண்டாராம். பழைய வாக்குமூலத்தில் அந்த வார்த்தையின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு ஓரத்தில் கையெழுத்து வைத்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தாளாம். கோடு வார்த்தை முழுக்கப் போகிறதா என்று கேட்டு, போகிறது என்று கிளார்க் சொன்ன பிறகுதான் நகர்ந்தாளாம். நிலத்துக்கு அடுத்த மாதம் வாய்தா.

"தங்கையன் சொன்னதை நம்புறீங்களா?" என்று கேட்டேன்.

"குடிக்கலேன்னு சொன்னான் பாருங்க, அதை நம்புறேன்," என்றாள் காத்தாயி. "பாசி வழுக்குச்சுன்னு சொன்னதை நம்பல."

காகிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை.