பனி விலகிய சரளையில்

1

இந்தக் கதை ஒரு தவறான அறிக்கையிலிருந்து பிறந்தது. எழுதியவன் நான்தான். மேட்டு மேய்ச்சல் நிலத்தில் ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, உள்ளே என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று எண்ணுவது என் வேலை. வருடம் ஒருமுறை குஸ்கோ நகரத்திலிருந்து ஏறிவந்து பன்னிரண்டு வருடமாக எண்ணுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனிமலையின் அடியில் காற்று ஊளையிட...'

(வேண்டாம். அன்று காற்றே இல்லை.)

2

அந்த வருடம் என் சதுரங்களில் கீழ்ச்சரிவுப் புற்கள் நெருக்கியடித்து நின்றன. வருடா வருடம் வெப்பம் ஏற ஏற அவையும் மேலே ஏறியிருந்தன. ஈரத்தில் தரையோடு படர்கிற மெத்தைச்செடி ஒன்றுகூட இல்லை. மழையில்லாத மாதங்களில், கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்காக்களுக்கு அதுதான் தீனி. 'அற்றுப்போனது' என்று எழுதினேன்.

என் அறிக்கைக்காக ஊர்க்கூட்டம் காத்திருந்தது. தீனி இல்லையென்று உறுதியானால் மேல் மேய்ச்சலை மூடி, அங்கிருக்கும் நான்கு குடும்பங்களைக் கீழே இறக்கிவிடலாம் என்று பேச்சு. அதில் ஒன்று பெர்பெத்துவா கயோவின் குடும்பம்.

(அவளை எல்லாம் அறிந்த மலைப்பெண்ணாக்க என் பேனா துடித்தது. எழுதி வாசித்தும் காட்டினேன். "நான் எப்ப இப்படிப் பேசினேன்? சாமியார் மாதிரில்ல இருக்கு" என்றாள். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

3

அறிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். மென்றுகொண்டிருந்த கோக்கா இலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள்.

"பன்னெண்டு வருசமா அந்தக் கயித்துக்குள்ளயே பாத்துக்கிட்டு இருக்கீங்க இன்ஜினியர். செடி எப்பவோ கெளம்பிப் போயிருச்சு." (படித்துவிட்டு ஏறிவருகிற எவரும் அங்கே இன்ஜினியர்தான்.)

எங்கே என்றேன். பனி இருந்த பக்கம் கையைக் காட்டினாள். காலையில் கூட வரலாம், மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் தன்னால் தூக்க முடியாது என்றாள்.

நான்கு மணி நேரம் ஏறினோம். நான் முதன்முதலில் வந்தபோது அந்த இடம் பனிக்கட்டிக்கு அடியில் இருந்தது. இப்போது வெறும் சரளை, நடுவே கசிந்தோடும் நீர், அதையொட்டிப் பச்சைத் திட்டுகள். மண்டியிட்டுத் தொட்டேன். உள்ளங்கை அகலத்தில் மெத்தைச்செடி. ஒவ்வொரு திட்டும் ஒரு பழைய சாணக் குவியலின் மேல்.

ஆறு வருடமாக அவளும் கணவன் ஹிலாரியோவும் சுமை தூக்கும் லாமாக்களை அங்கே ஓட்டிவந்து இரண்டு மூன்று நாள் நிறுத்திவைத்திருக்கிறார்கள். லாமாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் சாணமிடும். கல்காட்டில் அதுதான் முதல் மண்; மேய்ந்த செடியின் விதையும் அதோடு வந்துவிடும்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லையே. செடி எண்ணுறவர்கிட்டப் போயி சாணியப் பத்தியா பேசுறது?"

நான் சிரித்துவிட்டேன்.*

4

'அற்றுப்போனது' என்பதை அடித்து 'இடம் மாறியது, மனிதர் உதவியுடன்' என்று எழுதினேன். கூட்டம் மூன்று வருடம் பொறுத்துப் பார்க்கச் சம்மதித்தது. நான்கு குடும்பங்களும் மேலேயே இருக்கின்றன. என் பொய்யை அச்சேறும் முன்பே பிடித்துத் தந்த அந்த இருவருக்கும், பெயர் தெரியாத லாமாக்களுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எந்தப் படிவத்திலும் நிரப்ப இடமில்லை. ஆகவேதான் இந்தக் கதை.

5

முடிவு ஒன்று: திட்டுகள் ஒன்றோடொன்று சேர்கின்றன, அல்பாக்காக்கள் வந்து மேய்கின்றன.

முடிவு இரண்டு: புற்கள் அங்கேயும் ஏறிவருகின்றன. அதற்கு மேல் பாறைதான், மெத்தைச்செடிக்குப் போக்கிடம்

(முடிக்காமல் விடுகிறேன்.)

எதை வைக்கலாம் என்று பெர்பெத்துவாவிடம் கேட்டேன். இரண்டையும் எழுதியது யார் என்றாள். நான்தான் என்றேன்.

"அப்ப ரெண்டும் வேணாம். படிக்கிறவங்கள மழை நின்னதும் மே மாசம் வரச் சொல்லுங்க. சூப்பு வச்சுத் தர்றேன். ஏறிப் பாத்துட்டு அவங்களே சொல்லட்டும்."

--------

* கொஞ்சம் அழவும் செய்தேன். உயரத்தில் கண்ணில் நீர் வருவது சகஜம் என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.