பச்சைப் பன்

எண்பத்திரண்டாம் ஆண்டு, ஒரு ஞாயிறு பின்னேரம் அபுல் ஹஸனின் கவிதை ரேடியோவில் போனது. கல்முனைக்குடியில் அவர்களுடைய ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு காது கொடுத்துக் கேட்டது. தங்கை றபீக்கா மட்டும் முதல் அடியிலேயே உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இடுப்பளவு தண்ணீரில் பன் அறுத்து
பச்சை மாறுமுன் பாய் இழைப்பாள் என் தங்கை;
அவள் விரல் பழக்கியதே என் பேனா."

அவள் குளத்தில் இறங்கிப் பாய்க்குப் பன்புல் வெட்டுவது பொய்யில்லை. வாப்பா மௌத்தாகி அடக்கிய நாளிலிருந்து அவள் இழைக்கும் பாயில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனால் சம்மாந்துறையிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்த சம்பந்தக்காரரிடம் உம்மா சொல்லியிருந்தது வேறு: பிள்ளை வாசல் தாண்டாது.

"அந்த வரிய வெட்டியிருந்தா உங்கட கை முறிஞ்சிருமா காக்கா?" அண்ணனிடம் பாய்ந்தாள் றபீக்கா.

"கவிதையில பொய் சொல்லேலாது புள்ள."

"அப்ப மாப்புள வூட்டாரோட நீங்களே கதைங்க."

திங்கட்கிழமை காலையே மாப்பிள்ளையின் தாய் ஜெமீலா வந்துவிட்டாள். உம்மா வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"எங்கட குடும்பத்துப் பொம்புளையள் ஒருத்தரும் குளத்துல எறங்கினதில்ல. ஊரே கேட்டுட்டு. இனி இந்தக் கத சரிவராது."

உம்மா நிலத்தைப் பார்த்தாள். கவிதைக் கொப்பியும் கையுமாக ஹஸன் வந்து நின்றான்.

"மாமி, அது உழைப்பப் பத்தின கவித. பேனா புடிக்கிறதும் பாய் இழைக்கிறதும் ஒரே தொழில்தான் எண்டு..."

"என்ன ஒரே தொழில்?" ஜெமீலாவுக்கு ஏறிவிட்டது. "பச்சப் பன்னுல ஆரு தம்பி பாய் இழைக்கிற? நல்ல வெயில் காட்டாம இழைச்சாச் சுருங்கி, விரல் போற ஓட்ட விழுந்திரும். காயப்போட்டு, தட்டி, புறகு தண்ணி தெளிச்சு, இப்பிடி மடிச்சு..."

கை காற்றில் ஒரு மடிப்பு மடித்தது. பாதியில் நின்றது.

றபீக்கா அந்தக் கையைப் பார்த்தாள். காப்புகளுக்குக் கீழே, சுட்டுவிரல் ஓரத்தில், பன் கிழித்த பழைய தழும்புகள். அவளுடைய விரலிலும் அதே இடத்தில்தான் இருந்தன.

"எத்தின வரிசம் இழைச்சீங்க மாமி?"

ஜெமீலா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"பதினொண்டு. எண்ட மகனுக்குத் தெரியா."

ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு எழும்பினாள்.

"நம்மட வழக்கப்படி கலியாணம் முடிச்சு அவன் இஞ்சதானே வந்து இருக்கப்போறான். புறகு நீ குளத்துக்குப் போகவேணாம் புள்ள. அவன் வெட்டிக் கொண்டு வரட்டும்." வாசலில் நின்று ஹஸனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க தம்பி, ரேடியோவுக்கு அனுப்ப முந்தி வூட்டுல ஒருக்காக் கேளுங்க."

ஹஸன் கொப்பியில் 'பச்சை'யை வெட்டினான். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று கேட்கத் தலையை நிமிர்த்தினான். றபீக்கா அங்கே இல்லை. முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது. அவள் காயப்போட்ட பன்னைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.