எல்லாப் பெட்டியும் ஒரே பெட்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புத்தக அலமாரி ஒன்று வாங்கினேன். பாகங்களைச் சேர்த்துப் பூட்டத் தெரியவில்லை. அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முதல் வரி இப்படி வந்தது: “அந்தி சாயும் வேளையில், மரச்சாமான் கம்பெனியின் ஜன்னலோரம் அவள்…”

(அடித்துவிட்டேன். என் கதைகளில் எல்லாரும் ஜன்னலோரம்தான் நிற்கிறார்கள். கால் வலிக்காதா?)

2

அவள் நின்றது குடோனில். கம்பெனியின் பெட்டிகளை வடிவமைப்பது அவள் வேலை. நாற்காலி, மேசை, கட்டில், பீரோ என்று நூற்றுக்கணக்கான சாமான்கள். அவள் வருவதற்கு முன் ஒன்று நீலப் பெட்டியில் போகும், இன்னொன்று மஞ்சளில். கம்பெனி பெயரையே இரண்டு விதமாக அச்சடித்திருந்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் நம்பமாட்டார்கள். அச்சகக்காரர்களோடு மல்லுக்கட்டி, எல்லாவற்றையும் ஒரே வெள்ளை, ஒரே பச்சைப் பட்டை, ஒரே எழுத்து என்று கொண்டுவந்தாள். படம் வேண்டாம், சாமான் பெயர் மூலையில் பொடியாக இருந்தால் போதும் என்றதும் அவள்தான். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

3

அவளுடைய நாத்தனாருக்குக் குழந்தை பிறந்தது. அண்ணி கம்பெனியிலிருந்தே குழந்தைக் கட்டில் வந்து இறங்கியது. வீடே கூடி நின்று பெட்டியைப் பிரித்தது. உள்ளே செருப்பு ஸ்டாண்ட்.

“நாலு தட்டு இருக்கு அண்ணி. பிள்ளையை எதுல போடறது?”

அவளைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் குடோனில் விசாரித்தபோதுதான் இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. மேசை கேட்டவருக்கு பீரோ கதவு போயிருக்கிறது. இவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறாளே என்று, அவளிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

(இங்கே அவள் விம்மி அழுவதாக அரைப் பக்கம் எழுதினேன். ஒட்டவில்லை. அவள் அழுகிற ஆளே இல்லை. அது நான்.)

4

முடிவு ஒன்று: அவள் வேலையை விட்டுவிடுகிறாள். (விட்டுவிட்டு? எனக்கும் தெரியவில்லை.)

முடிவு இரண்டு: முதலாளி மனம் திருந்தி… (அவர் என்ன தப்பு செய்தார், பாவம்.)

நடந்தது இவ்வளவுதான். தடித்த மார்க்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், உள்ளே இருப்பதைப் பெட்டி பெட்டியாக வரைய ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் இல்லாமல் அவளுக்கு ஒரு கோடு நேராக வராது. பின்னால் முதலாளி வந்து நின்றார்.

“என்னம்மா இது, ஆடா?”

“குழந்தைக் கட்டில் சார்.”

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு நீதானே சண்டை போட்டே?”

“அது சரிதான் சார். படம் வேண்டாம்னு சொன்னதுதான் தப்பு.”

அவர் அந்த ஆட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மார்க்கருக்காகக் கையை நீட்டினார்.

வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாரா, பக்கத்துப் பெட்டியில் தானும் ஒரு கோடு இழுத்தாரா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன், எனக்குப் பிடிபடவில்லை. அவள் மட்டும் மூடியைப் போடாமல்தான் கொடுத்தாள்.