பச்சைப் பொட்டலமும் எண்ணூறு கரப்பான்களும்

சந்திரப் புத்தாண்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது துங்யுவானின் பெட்டியில் ஒன்பது கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. மறுநாள் பதினொன்று. அதற்கு மறுநாள் பதினேழு. மற்ற வீடுகளில் கரப்பான் செத்தால் நிம்மதி. துங்யுவான் ஒவ்வொன்றையும் இடுக்கியால் தூக்கி, புரட்டிப் பார்த்து, நோட்டில் எழுதினான்.

அவை சமையலறையில் ஓடும் ஜாதி அல்ல, துபியா என்கிற வளர்ப்பு வகை. பறக்காது, வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏறாது. தீனியாகவே பிறந்து தீனியாகவே போய்ச்சேரும். தின்பவள் சூப்பர்வைசர் என்கிற தாடி ஓணான். கண்ணாடிப் பெட்டியில் கல்மேல் படுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து, எவனாவது சும்மா நிற்கிறானா என்று பார்ப்பாள். கணினிச் சிப் ஆலையில் ஆறு வருடம் இரவு ஷிப்ட்டில் இயந்திரம் பழுது பார்த்தவனுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். ஒருநாள் வேலையின் நடுவே அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இப்போது கொக்கியால் பொம்மை பிடிக்கும் இயந்திரங்களில் பொம்மை நிரப்புகிறான். பகல் வேலை. பொம்மைகள் விளக்கம் கேட்பதில்லை.

சூப்பர்வைசர் போன மாதம் இருபத்திரண்டு முட்டை இட்டாள். ஒன்றிலும் கரு இல்லை. ஆனால் இட்ட உடம்புக்கு அது தெரியுமா? விலா எலும்பு எண்ணலாம்போல் ஆகிவிட்டாள். "தினமும் உயிருள்ள பூச்சி, அதுவும் மெத்தென்ற சின்னது. ஒரு மாதம். இடையில் விட்டால் உத்தரவாதம் இல்லை" என்றார் மருத்துவர். பூச்சிக் கடைக்காரன் ஷட்டரை இழுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். புத்தாண்டு ஐந்தாம் நாள் கழித்துத்தான் சின்சூ நகரில் எந்தக் கடையும் திறக்கும். உயிருள்ளதைப் பார்சலில் அனுப்பவும் ஆளில்லை. ஆக, சூப்பர்வைசர் பிழைப்பது எண்ணூறு கரப்பான்கள் வளரும் இந்தக் கறுப்புப் பெட்டியில் இருந்தது. பெட்டியிலோ முதலில் செத்தவை மெத்தென்ற குஞ்சுகள்தான்.

"உன் முட்டை அட்டைதான் காரணம்னு நினைக்கிறேன்" என்றான் அக்கா பெய்ஷானிடம். காலை உணவுக் கடையில் அவள் வேலை. கரப்பான்கள் ஒண்டிக்கொள்ளும் காகித முட்டை அட்டைகள் அங்கிருந்துதான் வரும்.

"எங்க கடை அட்டையைச் சொன்னே, பல்லு இருக்காது. அதே தட்டு முட்டையைத்தான் ஊரே திங்குது. எவன் செத்தான்?"

"மருந்து ஏதாச்சும் அடிச்சிருப்பாங்க."

"உன் மூஞ்சில அடிக்கணும்."

இருந்தாலும் புது அட்டை கொண்டுவந்தாள். அட்டை மாற்றினான். சாவு நிற்கவில்லை.

அடுத்து ஜின்போ வந்தார். பழைய ஷிப்ட் கூட்டாளி, நான்கு வயது மூத்தவர், இன்னும் ஆலையில்தான் இருக்கிறார். வந்ததும் குளிர்பெட்டிக் கதவில் வெள்ளைத் தாளை ஒட்டி, காந்தத்தால் அழுத்தி, "சந்தேகப் பட்டியல்" என்று எழுதினார். விடுமுறை நாளில்கூட மனுஷனுக்குப் பட்டியல் இல்லாமல் சோறு இறங்காது.

"ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும்டா. நீ ரெண்டை மாத்தினா எது குற்றவாளின்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்ணே. நானும் அங்கேதான் குப்பை கொட்டினேன்."

"கொட்டிட்டு ஓடினவன்தானே."

தீனியாகப் போடும் சர்க்கரைவள்ளிக் கீரையில் பூச்சிமருந்து? இரண்டு நாள் கீரையை நிறுத்தி, தோல் சீவிய கேரட் மட்டும் போட்டார்கள். சாவு நிற்கவில்லை. சூடாக்கும் விரிப்பு அதிகம் சுடுகிறதா? முப்பது டிகிரி, இம்மி பிசகவில்லை. உண்ணியா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார் ஜின்போ; ஒரு கரப்பான் மீசையை ஆட்டியதும் கண்ணாடியைக் கீழே போட்டார். ஈரமா? மூடியைத் திறந்துவைத்து, மீட்டரை உள்ளே வைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தான் துங்யுவான். ஐம்பத்தெட்டு சதவீதம். அருமையான எண். பெட்டியில் லேசாக மூத்திர நெடி அடித்தது. செத்தவற்றின் வாடை என்று இருவரும் முடிவுகட்டினார்கள்.

"அப்போ ஒண்ணுதான் பாக்கி" என்றார் ஜின்போ, மூடியைப் பார்த்தபடி. "அது சின்னது, தம்பி."

மூடியின் நடுவில் பச்சைப் பொட்டலம் இருந்தது. தேங்காய் வாசனை அடிக்கும் சோளப்பொரி. அந்தப் பொரியின் பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்று அர்த்தம். அதனால் இந்த ஊரில் அது இல்லாமல் எந்த இயந்திரமும் ஓடாது. ஆலையில், ஆஸ்பத்திரியில், பணம் எடுக்கும் இயந்திரத்தின் முதுகில், எங்கும் ஒரு பச்சைப் பொட்டலம் காவல் நிற்கும். மஞ்சள் பொட்டலம் கூடாது, இயந்திரம் முறைத்துக்கொள்ளும். தேதி தாண்டியது கூடாது. காவலில் இருப்பதைப் பிரித்துத் தின்பதைவிடப் பெரிய பாவம் வேறில்லை. டிசம்பரில் சூட்டு விரிப்பு ஒருமுறை தானாக அணைந்து இருபது கரப்பான்கள் குளிரில் விறைத்தபோது, "பச்சை வைக்காமலா ஓட்டினே?" என்று அதிர்ந்தவர் ஜின்போதான். ஆலையின் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்த துங்யுவான் இந்த ஒன்றை மட்டும் உதறவில்லை. "ஒழுங்கா இரு" என்று பேனாவால் எழுதி, தேதி போட்டு, மூடியின் நடுவில் வைத்தான். இயந்திரத்தின்மேல் எதுவும் தளர்வாக இருக்கக் கூடாது என்பதும் ஆலைப் பாடம். ஆகவே நான்கு பக்கமும் டேப் ஒட்டினான்.

பொட்டலம் வந்தபிறகுதான் ஒன்றிரண்டாகச் சாவு தொடங்கியது. சாவைப் பார்த்துப் பொட்டலத்தைப் பெரிதாக்கினான். சாவு கூடியது.

"இது குடும்பப் பொட்டலம்ணே" என்றான் துங்யுவான். "இதைவிடப் பெரிசா?"

"திருவிழா பொட்டலம்னு ஒண்ணு வந்திருக்கு, தலகாணி மாதிரி. எங்க செக்‌ஷன்ல அதான்."

அன்றே தலையணை வந்தது. எழுதினான், ஒட்டினான். மறுநாள் பத்தொன்பது.

அதே நாள் முதலாளி அவனைத் தெற்கே அனுப்பினார். விடுமுறைக் கூட்டம் வருமுன் அங்குள்ள கடைகளில் பொம்மை நிரப்ப வேண்டும்; நான்கு நாள். அக்காவிடம் நோட்டைக் கொடுத்தான்.

"தினமும் செத்ததை எண்ணி எழுது. சின்னதாப் பன்னிரண்டு பிடிச்சு சூப்பர்வைசருக்குப் போடு. மூடியைத் திறந்தா பொட்டலம் மேல பார்த்த மாதிரி வை, தரையில படக்கூடாது."

"நான் ஒரு வயசுப் பொண்ணு. எனக்கு வந்து வாய்ச்ச வேலையப் பாரு."

"முப்பத்தேழு வயசு."

"போடா."

நான்கு நாள் கழித்து, புத்தாண்டுக்கு முந்தைய நாள் நண்பகலில், முதுகு பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஜின்போ சோபாவில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். துங்யுவான் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நோட்டைப் பிரித்தான்.

எட்டு. மூன்று. ஒன்று. பூஜ்யம்.

"அக்கா, நிஜமா எண்ணினியா?"

"இல்ல, ஜோசியம் பார்த்து எழுதினேன்."

"என்ன மாத்தினே?"

"ஒண்ணும் மாத்தல. கேரட் போட்டேன். அவ்வளவுதான்."

"பார்த்தியா, தலகாணி!" என்றார் ஜின்போ விதைத் தோலைத் துப்பி. "வேலை செய்ய ரெண்டு நாள் எடுக்கும். பெரிய சைஸ் இல்லையா."

துங்யுவான் பெட்டியருகே குனிந்தான். தலையணை இருந்தது. டேப் இருந்தது. ஆனால் டேப் நீல நிறம்.

"அக்கா, இதுல என் எழுத்து எங்கே?"

"எந்த எழுத்து?"

"'ஒழுங்கா இரு'ன்னு எழுதியிருந்தேனே."

"மழைல அழிஞ்சிருக்கும்."

"வீட்டுக்குள்ளயா மழை பெஞ்சுது?"

பெய்ஷான் அடுப்பில் இருந்த சூப்பை அவசியமில்லாமல் கிளறினாள். பிறகு கரண்டியை வைத்தாள்.

"சரிடா, தின்னுட்டேன். நீ கிளம்பின அன்னிக்கு மத்தியானம் பசி. வெளியில காத்து ஆளைத் தூக்குது. இது என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குக் காலைலதான் வேற வாங்கி ஒட்டினேன்."

ஜின்போவின் கையிலிருந்த விதைகள் தரையில் சிதறின.

"டியூட்டில இருந்ததையா? எங்க செக்‌ஷன்ல ஒருத்தன் தின்னான். மறுநாள் மூணு மெஷின் நின்னுபோச்சு. அவனை வேற ஷிப்ட்டுக்கு மாத்திட்டாங்க!"

"மொறுமொறுன்னுதான் இருந்துச்சு."

"மொறுமொறுன்னு இருந்துச்சாம்!"

"நானும் பயந்துட்டேன்ணே. மறுநாள் காலைல எல்லாம் செத்திருக்கும்னு நினைச்சேன். திறந்தா எட்டுதான். அதான் வாயைத் திறக்கல."

துங்யுவான் இருவரையும் கவனிக்கவில்லை. அவள் தின்றது முதல் நாள் மத்தியானம். மறுநாளிலிருந்து எண் இறங்குகிறது. நான்கு நாளாக மூடிமேல் பொட்டலம் இல்லை. நகத்தால் நீல டேப்பைக் கிளப்பி, தலையணையை உரித்து எடுத்தான்.

அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வலை. போன கோடையில் அவனே கத்தியைச் சூடாக்கி மூடியை வெட்டி ஒட்டிய காற்று வலை. பெட்டிக்கு இருந்த ஒரே மூக்கு. கறுப்பு மூடியில் கறுப்பு வலை. மரியாதைக்கு நடுவில் வைத்த பொட்டலம் சரியாக அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. சின்னப் பொட்டலம் பாதியை மூடியது, குடும்பப் பொட்டலம் முக்காலை. தலையணை முழுவதையும் மூடி, நான்கு பக்கமும் டேப் வேறு. கேரட்டின் ஈரம், எச்சத்தின் நெடி, எதுவும் வெளியே போகவில்லை. மீட்டர் வைக்கும்போதெல்லாம் அவன் மூடியைத் திறந்தான். திறந்த வேகத்தில் ஈரம் பறந்தது. அருமையான எண் வந்தது.

ஆறு வருடம் இயந்திரம் பழுது பார்த்தவன். வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அதை முழுசாகவே சொன்னான்.

"இரு, இரு" என்றார் ஜின்போ. "கோளாறைத் திரும்ப வரவழைச்சுக் காட்டாம காரணம்னு எழுதக்கூடாது."

"திரும்ப வரவழைச்சா என் சூப்பர்வைசர் சோத்துக்கு என்ன பண்ணுவா?" என்றாள் பெய்ஷான். என் சூப்பர்வைசர் என்று அவள் சொன்னது அதுவே முதல் முறை.

"அரை மணி நேரம்தான். ஒண்ணும் ஆகாது."

மீட்டரை உள்ளே வைத்து, மூடி, தலையணையை வலைமேல் அழுத்தினார்கள். மூவரும் சுற்றி உட்கார்ந்து விதை கொறித்தார்கள். அரை மணி கழித்துத் திறந்தவுடன் பார்த்தால் தொண்ணூற்றொன்று. மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தது. பொட்டலம் இல்லாமல் அதே அரை மணி: அறுபது.

ஜின்போ பட்டியலில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, கடைசியில் எழுதினார்: "பொருத்திய இடம் தவறு."

"பொட்டலம் தப்புன்னு எழுதுங்க" என்றான் துங்யுவான்.

"எழுத மாட்டேன். அது தன் வேலையைச் செஞ்சுது. நீதான் அதைக் கொண்டுபோய் மூக்கு மேல உட்கார வெச்சே. இப்போ அது சும்மா கிடக்கு, பெட்டியும் சமர்த்தா இருக்கு. இதுக்கு என்ன சொல்றே?"

துங்யுவான் பொட்டலத்தைக் கையில் எடுத்தான். தூக்கிப் போட மனம் வரவில்லை. நூலில் கட்டி, சூட்டு விரிப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், வலையிலிருந்து மூன்று அடி தள்ளித் தொங்கவிட்டான். "ஒழுங்கா இரு" என்று எழுதினான். கீழே சிறிய எழுத்தில்: "பெய்ஷான் தொடக் கூடாது."

மறுநாள் மாலை, மேஜையில் முழு மீன், கொதிக்கும் சூப், முள்ளங்கி அப்பம். ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காத ஜின்போவும் வந்திருந்தார். முதலில் சூப்பர்வைசருக்குப் பரிமாறுவது என்று பெய்ஷான் பிடிவாதம் பிடித்தாள். துங்யுவான் மூடியைத் திறந்தான். நெடி இல்லை. அட்டையைத் தட்டியதும், முதல் நாள் பிறந்தவை போலிருக்கிறது, அரிசியளவு வெள்ளைக் குஞ்சுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கொஞ்சம் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக் கண்ணாடிக்குள் வைத்தான்.

சூப்பர்வைசர் இரண்டு கண்ணையும் திறந்தாள். கல்லிலிருந்து இறங்கினாள். நாக்கு போய் வந்தது.

"ஒண்ணு" என்றாள் பெய்ஷான். "ரெண்டு... டேய், எழுதுடா."

"செத்ததுக்குத்தான் நோட்டு" என்றான் துங்யுவான்.

"பதினாலு!" என்று கடைசியில் கத்தினார் ஜின்போ. கிண்ணம் காலி. சூப்பர்வைசர் காலி கிண்ணத்தை ஒருமுறை பார்த்தாள், அவனை ஒருமுறை பார்த்தாள். இன்னும் வேண்டுமாம். அவன் சூப்பை ஆறவிட்டுவிட்டு இடுக்கியை எடுத்தான்.