எடுபிடியின் பேரில்

சோம்பேறித்தனத்தில் பிறந்த வேலைதான் அது. இப்போது பெருமை பேசி என்ன ஆகப்போகிறது? அந்த அலுவலகத்தில் கணினி நிரல் எழுதுகிற ஒன்பது பேரும் ஒன்பது விதமாக எழுதினார்கள். ஒருவன் வரிக்கு முன்னால் இரண்டு இடம் விடுவான், இன்னொருத்தி நாலு விடுவாள். ஒரே மாதிரி எழுதுங்கள் என்று சொல்லிச் சொல்லி, அந்த ஒன்பது பேரில் கடைசியாகச் சேர்ந்த அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் மதியம் பதினெட்டு வரி எழுதி, எல்லாருடைய நிரலையும் வாங்கி ஒன்றுசேர்க்கும் பில்ட் மிஷினில் போட்டுவிட்டாள். இனி யார் எதை அனுப்பினாலும் மிஷினே கோப்புகளைச் சீர்படுத்தும்; ஏதாவது மாறியிருந்தால் யாரையும் கேட்காமல் தானே கமிட் செய்துவிடும். கமிட் என்றால் பதிவில் ஏற்றுவது. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று அந்தப் பதிவு பெயர் சொல்லும். மிஷினுக்கும் ஒரு பெயர் வேண்டுமே என்று 'எடுபிடி' என வைத்தாள். முதல் நாளே எடுபிடி நாலாயிரம் கோப்புகளை நிமிர்த்திப் பதிவேற்றியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"என் பொழப்பையே பிடுங்கிட்டியேம்மா" என்று சிரித்தார் அரைப்புள்ளி. பத்தொன்பது வருடமாக அங்கே இருப்பவர். எவன் நிரலில் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும், அதனால் வந்த பட்டப்பெயர்.

ஆறு மாதம் கழித்துப் புது மேனேஜர் வந்தார். விற்பனைப் பக்கத்து ஆள். ஒன்பது பேரில் ஒருவரைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. "யார் யாரோட வரி எவ்வளவு இருக்குன்னு எண்ணிக் குடுங்க. ஆகக் கம்மியா இருக்கறவர அனுப்பிடலாம். யார் மேலயும் பாரபட்சம் இல்ல பாருங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆள் எடைபோட இப்படியும் ஒரு தராசு!

எண்ணினாள். முதலிடம் எடுபிடிக்கு. கடைசியில் அரைப்புள்ளி, இருநூற்றுப் பன்னிரண்டு வரி. அவளுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. அவர் எழுதியதெல்லாம் பழைய கோப்புகள். அத்தனையையும் முதல் நாளே எடுபிடி தொட்டு, தன் பெயரை ஏற்றிக்கொண்டுவிட்டது. இந்த ஆறு மாதமும் அவர் அடுத்தவர் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தார். அதற்கு எத்தனை வரி தேறும்?

எடுபிடியின் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, அதற்கு முன் எழுதியவரை எண்ணவும் வழி உண்டு. பத்து நிமிட வேலை. செய்தாள். அரைப்புள்ளி முதலிடத்துக்குப் போனார். கடைசியில் அவள் பெயர் வந்து நின்றது. சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, வேறெங்கே நிற்கும்?

அந்நேரம் பார்த்து வீட்டுக்காரரிடமிருந்து போன். வேலை போய் ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறார். "அந்த எடத்துலயும் இல்லன்னுட்டாங்க. சரி விடு, உன் வேலை இருக்குல்ல" என்றார். பின்னால் மகன் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். முதல் பட்டியலைத்தான் மேனேஜரிடம் கொடுத்தாள்.

வேலை போகிற சேதி தெரிந்து, மறுநாள் காலை அரைப்புள்ளி அவள் மேசைக்கு வந்தார். கையில் ஒரு காகிதம், நாலாக மடித்தது. உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. அந்த எடுபிடிய விட்டுட்டு எண்ணிப் பாத்தியா? இல்லன்னா மேனேஜர்கிட்ட இந்த லெட்டரக் குடுத்து ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு பாக்கி இருக்கு."

அவள் திரையையே பார்த்தாள். இரண்டாவது பட்டியல் இன்னும் அங்கேயே, ஒரு ஜன்னலுக்குப் பின்னால் திறந்து கிடந்தது.

"பாத்தேண்ணா. பெருசா ஒண்ணும் மாறல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

"அப்ப சரி. நீயே பாத்துட்டேன்னா அப்புறம் அவர்கிட்ட எதுக்குப் போய்க் கேட்டுக்கிட்டு" என்று அவர் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சந்தேகப்பட்டிருந்தால், திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மனிதர் நம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் போனார். போவதற்கு முன் தம் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, தலைப்பில் இருந்த தம் பெயரை எடுத்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். மேசைகள் காலியான பிறகு அவள் அதைப் பார்த்தாள். இனிமேல் இதில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று அவள் பெயரைப் போட்டு, 'நிதானமாகப் பார்த்துச் சொல்வாள்' என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை எழுதியவர் யார் என்று பதிவில் தேடினாள். அவசரத்தில் அவர் வரிக்கு முன்னால் ஓர் இடம் கூடுதலாக விட்டிருக்கிறார். மிஷின் அதை நிமிர்த்தி, தானே கமிட் செய்திருந்தது. எழுதியவர் இடத்தில் எடுபிடி என்று இருந்தது.